இருபது நிமிடக் குரல்

"சனிக்கிழமை அஞ்சு மணிக்குக் கூட்டிட்டு வரேன் குட்டி. அந்தக் கடைசி ஊசியைப் போட்டு விட்டுடு. உன் கையால நடந்தா பாப்பாவும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

புதன்கிழமை காலை போனில் மாமா சொன்னது இவ்வளவுதான். இவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

இன்று சனிக்கிழமை.

அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள், சீப்பைப் பிடித்த கையோடு சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போது மூன்று பேர். அக்காவின் கணவரான மாமா, கல்லூரியில் படிக்கும் மகள் பாப்பா, அப்புறம் முதலாளி.

முதலாளி என்பது நாய். நீள முதுகு, கட்டைக் கால், தொங்கும் காது. யாரையும் மதிக்காத நடை. "இந்த வீட்ல சம்பளம் குடுக்காம வேலை வாங்கறது இவன் ஒருத்தன்தான்" என்று அக்கா வைத்த பேர். மூன்று மாதத்துக்கு முன்னால் அதன் முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி, பின்னங்கால் இரண்டும் படுத்துவிட்டன. அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் பாப்பா அதைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு சித்தியான இவளுடைய கிளினிக்குக்கு வருவாள். பன்னிரண்டு செவ்வாய் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேறும். அடுத்த செவ்வாய் வரும்போது பழைய நிலைமை.

ஏன் என்றுதான் இவளுக்குப் புரியவில்லை. பதினோரு வருஷமாக மிருகங்களுக்கு ஊசி குத்தி வைத்தியம் பார்ப்பவள். இந்தத் தெருவே அவளை ஊசி டாக்டர் என்றுதான் சொல்லும். இடுப்பு விழுந்த நாய்கள் அவள் மாடிப்படியைத் தாங்களே ஏறி வந்து காட்டியிருக்கின்றன. சொந்த அக்கா வளர்த்த நாய்தான் தேறமாட்டேன் என்கிறது.

"டாக்டர், தையல்காரர் வந்திருக்காரு, பூனையோட" என்று ரிசப்ஷன் அம்மா கதவைத் திறந்தாள்.

"நான் உள்ள இருந்தா அதுக்கு தைரியமா இருக்கும்ல டாக்டர்?" என்றார் தையல்காரர், பூனையைக் கொடுக்க மனமில்லாமல்.

"போன தடவ நீங்க மயங்கி விழுந்தீங்க. பூனை உங்க நெஞ்சு மேல ஏறி உக்காந்துடுச்சு. பூனைய எடுக்க ஒரு ஆளு, உங்கள எடுக்க ரெண்டு ஆளு" என்றாள் ரிசப்ஷன் அம்மா.

"நான் பொழுதன்னிக்கும் ஊசியோட இருக்கறவன்மா."

"அது துணியைக் குத்துது. பெஞ்சுல உக்காருங்க."

வளர்ப்பவர்கள் வெளி அறையில். மிருகம் உள் அறையில். இது அந்தக் கிளினிக்கின் சட்டம். ஊசியைப் பார்த்ததும் மனுஷன் வெலவெலப்பான். அவன் வெலவெலப்பது பூனைக்குத் தெரியும். அப்புறம் இருபது நிமிஷம் அசையாமல் படு என்றால் எது படுக்கும்? அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதல் நாள் வருகிறபோது ஊசி கிடையாது. வளர்ப்பவரைத் தன் மிருகத்தோடு உள் அறையில் தனியே விட்டு, ஒரு பழைய போனில் இருபது நிமிஷம் பேசிப் பதிய வைக்கச் சொல்லுவாள். என்ன பேசினாலும் சரி. மறுதடவையிலிருந்து ஆள் வெளியே, குரல் உள்ளே.

தையல்காரருக்கு அன்று பேச ஒன்றும் தோன்றவில்லை. "நெஞ்சு முப்பத்தெட்டு, தோள் பதினேழரை, கை இருபத்திநாலு" என்று இருபது நிமிஷம் அளவு சொல்லியிருந்தார். பூனை இன்றும் இடுப்பளவு வருவதற்குள் தூங்கிவிட்டது.

அந்தப் போனில் நாற்பத்துமூன்று குரல்கள் இருந்தன. ஏழாவது குரல் அக்காவுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டபோது பதிந்தது. ஆறே தடவையில் குணமாகிவிட்டதால் அப்படி ஒன்று இருப்பதையே எல்லாரும் மறந்து போனார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால், முதல் செவ்வாயன்று, முதலாளி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு படுக்கமாட்டேன் என்றபோதுதான் அவளுக்கு ஏழாவது ஞாபகம் வந்தது. போட்டாள்.

"முதலாளி, இங்க பாரு. அசையாம படுக்கணும். அம்மா எங்கயும் போகலடா. இங்கதான் இருக்கேன்."

முதலாளி மோவாயைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவளும்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டால், அக்கா முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள். திரும்பாமல் இருக்கிற வரைக்கும் இருக்கிறாள். மூன்று நாலு நிமிஷத்தில் நாய் தூங்கிவிடும். அதற்கு மேல் தன்னால் தாங்க முடியாதென்று போனை அணைத்துவிடுவாள். மிச்சத்தை அவள் கேட்டதே இல்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. பன்னிரண்டு செவ்வாய், பன்னிரண்டு நாலு நிமிஷம். வாரம் முழுக்க அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்பதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

ஐந்து மணிக்கு வருகிறேன் என்ற மாமா மூன்றுக்கே வந்துவிட்டார்.

கூடையை அவர் தூக்கி வரவில்லை. பாப்பாதான் தூக்கி வந்தாள், அவருக்கு நாலு படி முன்னால், அவர் யாரோ என்பது போல. முதலாளி கூடை விளிம்பில் மோவாயை வைத்திருந்தது. பின்னங்கால் இரண்டிலும் குழந்தைகள் போடும் சாக்ஸ். அதில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"சித்தி, அப்பா கேட்டாருன்னு ஊசி போட்டுடுவீங்களா?" என்றாள் பாப்பா எடுத்த எடுப்பில்.

"உக்காரு முதல்ல."

"உக்காந்தா போடமாட்டீங்களா?"

"பாப்பா" என்றார் மாமா. அவர் குரல் எப்போதும் உயராது. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் சோதிக்கிற உத்தியோகம். கம்பி முனகுவதைக் காதால் கேட்டே தேய்மானம் சொல்கிறவர். எட்டு மாதத்தில் கன்னம் ஒட்டி, சட்டை ஆணியில் மாட்டிய மாதிரி தொங்கியது.

"குட்டி, நான் ராட்சசன் இல்ல. அந்தக் காலைப் பாரு. தரையில தேச்சு எலும்பு தெரியப் போகுது."

"சாக்ஸ் போட்டும் இப்படியா? கூண்டுல வெச்சு, நகர விடாதீங்கன்னு சொன்னேனே மாமா."

"கூண்டைக் கடிச்சு பல்லு ஒண்ணு போச்சு. என்ன பண்ணச் சொல்றே?" அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். லிஃப்ட் குறிப்பு எழுதுகிற நோட்டு. "ஒரு சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு குறிச்சு வெச்சே பழக்கம் எனக்கு. இதையும் குறிச்சேன். உன்கிட்டருந்து போன உடனே ஆரம்பிக்குது. செவ்வாய் சாயங்காலம். கூடையை இறக்கி வெச்சா, முன்னங்காலால உடம்பை இழுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமா போகும். கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னால, சமையல்கட்டுல. எதையோ தேடுது. கடைசியில எங்க ரூம் கண்ணாடி இருக்குல்ல, அங்க போய் நிக்கும். நிக்கறது எங்க, கிடக்கும்."

பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல பாக்கும் குட்டி. ஒரு ஆள் நின்னா முகம் எங்க இருக்குமோ, சரியா அந்த உயரத்துல. அப்புறம் வாலை ஆட்டும்."

"வால் ஆடுதா?" அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளினிக்கில் ஒரு நாளும் ஆடாத வால். "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அவ செத்த இடத்துல யாரையோ பாத்து நாய் வாலாட்டுதுன்னா? ராத்திரியில நான் அந்த இடத்தைச் சுத்திக்கிட்டுத்தான் போறேன். நேரா நடக்க முடியல. இடிச்சுடுவேனோன்னு இருக்கு."

"அப்பாவுக்கு பயம், சித்தி. அதான் கொல்லச் சொல்றாரு."

"ஆமா, பயம்தான்" என்றார் மாமா, மறுக்காமல். "புதனும் அப்படித்தான். வியாழன் கொஞ்சம் குறையும். ஞாயிறு, திங்கள்ல சாப்பிட்டுட்டு சமத்தா படுத்திருக்கும். மறுபடி செவ்வாய்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன். மாமாவின் கட்டம் கட்டமான எழுத்து, பன்னிரண்டு வாரம், ஒரு வரி பிசகாமல். படிக்கப் படிக்க அவளுடைய விரல் ஒவ்வொரு செவ்வாயிலும் நின்று நின்று போனது.

அம்மா எங்கயும் போகலடா. இங்கதான் இருக்கேன்.

வாரத்துக்கு ஒரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நாய் வேறு என்ன செய்யும்? போய்த் தேடும். காணாமல் சோர்ந்து, விட்டுவிடலாம் என்று அதற்குத் தோன்றும்போது, இவள் மறுபடி கூப்பிட்டு இங்கதான் இருக்கேன் என்று சொல்ல வைத்திருக்கிறாள். ஓய்வு கொடுக்க வேண்டிய முதுகை, வாரம் மூன்று நாள் வீடு முழுக்க இழுக்க வைத்தது அவளேதான். ஊசி கட்டியதையெல்லாம் குரல் இடித்துக்கொண்டிருந்தது.

சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வரத்தான் செய்தது. ஆனால் மணி மூன்றரை. சொல்லாவிட்டால் ஐந்து மணிக்கு அவள் தப்புக்கு முதலாளி போக வேண்டும்.

"மாமா, அது பேயைப் பாக்கல. நான்தான் அதைத் தேட வெச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். போன், ஏழாவது குரல், இரண்டு வருஷத்துக்கு முந்தின நாள், நாலு நிமிஷம். சொல்லி முடிக்கும்வரை ரிசப்ஷன் அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை.

முதலில் பேசியது பாப்பா. சத்தமே இல்லை அந்தக் குரலில்.

"செவ்வாய்க்கிழமை நான் எங்க உக்காந்திருப்பேன் சித்தி?"

அவள் கண் பெஞ்சுக்குப் போனது.

"இந்த பெஞ்சுல. போன வருஷத்துப் பத்திரிகையைப் புரட்டிக்கிட்டு. கதவுக்கு இந்தப் பக்கம். நீங்க எங்கம்மாவை உள்ள வெச்சுக்கிட்டு, என்னை வெளிய உக்கார வெச்சிருக்கீங்க. பன்னெண்டு தடவ."

"பாப்பா, நான்..."

"நாய் கேட்டுச்சு. நீங்க கேட்டீங்க. எனக்கு அம்மா குரல் மறந்து போகுதுன்னு போன மாசம் உங்ககிட்டதானே வந்து அழுதேன்? அப்பவும் சொல்லலியே."

பன்னிரண்டு வாரத்தில் அவள் போட்ட ஊசி ஒன்றுகூட இப்படி இறங்கியிருக்காது.

மாமா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்போ அவ அங்க இல்ல" என்றார். நிம்மதியாகச் சொன்ன மாதிரி இல்லை. மறுபடி ஒரு தடவை தொலைத்தவர் சொல்கிற மாதிரி இருந்தது. "நான் வழிவிட்டு வழிவிட்டு நடந்தேன்."

அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, வால் ஆடுதுன்னா நரம்பு முழுக்க சாகல. எனக்கு ஒரே ஒரு தடவ விட்டுக் குடுங்க. இன்னிக்கு அந்தக் குரல் இல்லாம ஊசி வெக்கறேன். முடிஞ்சதும் பின்னங்கால் விரலைக் கிடுக்கியால அழுத்துவேன். காலை இழுத்துக்கிட்டா அது கணக்கில்ல, அது தானா நடக்கறது. திரும்பிப் பாத்து யாருடா அதுன்னு கேக்கணும். அப்போதான் வலி மூளைக்குப் போகுதுன்னு அர்த்தம். ரெண்டு காலுக்கும் திரும்பலன்னா, அஞ்சு மணிக்கு நானே போட்டுடறேன். அழமாட்டேன்."

"குரல் இல்லாம படுக்குமா?"

"படுக்காது. நீங்க உள்ள வரணும்."

"நானா?" மாமா ரிசப்ஷன் அம்மாவைப் பார்த்தார், அந்த அம்மாவாவது காப்பாற்ற மாட்டாளா என்பது போல. "எனக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அது உன் அக்காகிட்ட சொல்லும், அவ என்கிட்ட சொல்லுவா. அவ்வளவுதான்."

"உள்ள போங்க சார். மயங்கினா நாங்க இருக்கோம்" என்றாள் அந்த அம்மா.

உள் அறையில் நீல ரப்பர் விரிப்பில் முதலாளியைக் கிடத்தினாள். முதலாளி தலையைத் தூக்கி, போன் வழக்கமாக இருக்கும் அலமாரியைப் பார்த்தது. காத்திருந்தது. அந்தப் பார்வையை அவள் பன்னிரண்டு வாரம் பார்த்திருக்கிறாள். இன்றுதான் அதைப் படிக்கத் தெரிந்தது.

முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வரிசையாக எட்டு ஊசி. இடுப்பில் இரண்டு. பாதத்தில் விரல்களுக்கு நடுவே மெல்லிய நாலு. மின்சாரக் கிளிப்பை மாட்டினாள். சின்னப் பெட்டி டிக் டிக் என்று ஆரம்பித்தது. முதலாளி நடுங்க ஆரம்பித்தது.

"பேசுங்க மாமா."

மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊசிகளைப் பார்க்காமல் நாயின் காதை மட்டும் பார்த்தார்.

"என்ன பேசறது?"

"எதுவேணாலும்."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "லிஃப்ட்டுல ஏறினதும் முதல்ல என்ன பாக்கணும் தெரியுமா? எல்லாரும் கம்பியைப் பாப்பாங்க. கம்பி அறுந்தா விழும்னு பயம். கம்பி லேசுல அறுந்துடாது முதலாளி. அஞ்சாறு கம்பி இருக்கும், ஒண்ணு போனா மத்தது தாங்கும். பிரேக்கைப் பாக்கணும். கதவைப் பாக்கணும். நின்ன மாதிரி தெரியும், ஆனா தரைமட்டத்துக்கு ரெண்டு விரல் கீழ நிக்கும். அதுலதான் ஆளுங்க தடுக்கி விழறது..."

அவருக்கே தெரியாமல் கை நாயின் காதுக்குப் பின்னால் போயிருந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. பின்னால் யாரும் இல்லை. அறை வெறும் அறையாக இருந்தது. அது அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

எட்டாவது நிமிஷத்தில் நடுக்கம் நின்றது. பதினைந்தில் முதலாளி மாமாவின் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது. தூங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

இருபது முடிந்ததும் ஊசிகளை எடுத்து எண்ணினாள். பதினாலும் சரியாக இருந்தன. பாப்பா கதவருகே வந்து நின்றாள். சித்தி கிடுக்கியை எடுத்து வலது பாத விரலை அழுத்தினாள்.

கால் இழுத்துக்கொண்டது. தலை திரும்பவில்லை.

"அது கணக்கில்ல" என்றாள் பாப்பா மெதுவாக, தனக்கே.

சித்தி இன்னும் அழுத்தினாள். முதலாளி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

இடது கால். அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

முதலாளி தலையைத் திருப்பியது. அவளை நேராகப் பார்த்தது. சம்பளம் கொடுக்காத முதலாளிகளுக்கே உரிய எரிச்சலோடு அடித்தொண்டையில் உறுமியது.

"கோவம் வந்துடுச்சு அவனுக்கு" என்றார் மாமா. சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு நாள் வேணும் உனக்கு?"

"ஆறு வாரம். ஒரு கால் நிச்சயம் வரும். இன்னொண்ணு தெரியாது. செவ்வாய்க்கிழமை நீங்கதான் கூட்டிட்டு வரணும். நீங்கதான் பேசணும்."

"சரி" என்றார். உடனே, கொஞ்சம் அவசரமாகவே, "அந்தப் போன்ல இருக்கறதை அழிச்சிடு குட்டி. இனிமே யாரும் கேக்க வேண்டாம்" என்றார்.

"யாருமா? நான் இன்னும் கேக்கவே இல்லப்பா" என்றாள் பாப்பா. அலமாரியிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள். "இவன் காதுல விழாம கேக்கறேன். கார்ல போய்."

"பாப்பா, வேண்டாம்."

"கேட்டுட்டு அழிக்கறேன்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. சித்தி ஜன்னலுக்குப் போனாள். கீழே தெருவில் மாமாவின் கார். பாப்பா ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். சாயங்கால வெளிச்சம் கண்ணாடியில் பட்டதால் முகம் பாதிதான் தெரிந்தது.

முதலில் அழுதாள். பிறகு சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. அக்கா ஏதோ கிண்டல் பண்ணியிருக்க வேண்டும். நாலு நிமிஷம் தாண்டி எத்தனையோ நிமிஷம் ஆகிவிட்டது. தான் கேட்காத அக்கா அங்கே பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தனியாக ஒரு அறையில் நாயோடு விட்டால், ஒரு மனுஷி இருபது நிமிஷமும் படு, அசையாதே என்றா சொல்லிக்கொண்டிருப்பாள்?

பாப்பா சட்டென்று போனை மடியில் கவிழ்த்தாள். அப்புறம் கார்க் கதவு திறந்தது.

மாமா தரையைவிட்டு எழவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். படியேறி வரும் சத்தத்தைக் கேட்டு, நிமிராமலே, "உங்கம்மா அதைச் சொல்லிட்டாளா?" என்று கேட்டார்.

பாப்பா வாசலில் நின்றாள். "பதினோராவது நிமிஷம். 'முதலாளி, இது எனக்குத் தெரியும், உங்கப்பாவுக்குத் தெரியும், இப்போ உனக்குத் தெரியப் போகுது'ன்னு ஆரம்பிச்சாங்க. நிறுத்திட்டேன்."

"ஏன் நிறுத்தினே?"

"செத்தவங்க சொல்லிக் கேக்கறதா இருந்தா இவன் மாதிரி நானும் வீடு முழுக்கத் தேடிக்கிட்டுதான் இருக்கணும். நீங்க இருக்கீங்கல்ல? நீங்க சொல்லுங்க."

மாமா நாயைப் பார்த்தார். "இவனைப் பாத்தா எனக்கு ஏன் முடியலன்னு நெனச்சே?" என்றார். "ரூம்ல அவ நிக்கறாங்கறது ஒரு பயம். அவ நெஞ்சுல கோளாறுன்னு தெரிஞ்ச இன்னொரு ஆளு இவன்தான்னு அவ என்கிட்ட சொல்லியிருந்தா. தினம் என் முகத்தையே பாப்பான்."

வெளியே ரிசப்ஷன் அம்மா நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மணி ஐந்து. சித்தி கதவைச் சாத்திவிட்டு வெளியே போகத் திரும்பினாள். அப்பாவும் மகளும் பேசட்டும், அந்தப் பெஞ்சில் இந்தத் தடவை தான் உட்கார்ந்தால் நியாயமாக இருக்கும் என்று பட்டது.

"நீ எங்க போறே குட்டி?" என்றார் மாமா. விரிப்பில் நகர்ந்து, தன் இரண்டு பக்கமும் இடம் விட்டார். "கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு. அது உங்க வீட்டுப் பரம்பரையில வர்றது, இதுல பாதி உன்னைப் பத்தினது."